ஸ்டீல் கிதாரைக் கிதார் என்று நினைத்துக் கைவைக்காதீர்கள்

என்னிடம் ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ரிங்மாஸ்டர் என்ற இரட்டைக் கழுத்து ஸ்டீல் கிதார் ஒன்று வந்தது. அதன் முன் கழுத்தின் நட்டை, அதாவது கீகளின் பக்கம் கம்பிகளைத் தாங்கும் பள்ளம் போட்ட துண்டை, யாரோ அரம் போட்டுத் தாழ்த்தியிருந்தார்கள். எட்டுப் பள்ளங்களும் ஒரே ஆழம், சுத்தமான வேலை. செய்தவர் நல்ல எண்ணத்தோடுதான் செய்திருப்பார். கிதாரில் கம்பி உயரமாக இருந்தால் விரல் வலிக்கும், அதனால் இறக்குவார்கள். ஆனால் ஸ்டீல் கிதாரில் கம்பியை விரலால் அழுத்துவதே கிடையாது. வாத்தியத்தைப் படுக்கவைத்து, இடது கையில் பிடித்த இரும்பு பாரைக் கம்பிகளின் மேல் நகர்த்தி வாசிக்கிறோம். கம்பி உயரத்தில் நின்றால்தான் பார் பலகையில் இடிக்காது. அந்த நட்டில் பாரை வைத்தபோது தடித்த கம்பி மட்டும் துருத்திக்கொண்டு நின்றது, பக்கத்துக் கம்பி இரைந்தது.

பல கழுத்து ஸ்டீல் கிதார்களுக்கு நடக்கும் சேதத்தில் பெரும்பாலானவை இப்படி வருவதுதான். கிதாருக்குச் செய்யும் வைத்தியத்தை அப்படியே இதற்கும் செய்துவிடுகிறார்கள். கோட்டுவாத்தியத்தை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு இந்த வாத்தியம் சீக்கிரம் பிடிபடும். அங்கே கையில் கருங்காலிக் கட்டை, இங்கே இரும்பு. வீணையில் இருப்பதுபோன்ற மெட்டு அங்கேயும் கிடையாது. ஸ்டீல் கிதாரின் பலகையில் இருப்பவை வெறும் வழிகாட்டிக் கோடுகள்.

கழுத்து ஏன் இரண்டு, மூன்று, நான்கு என்று போகிறது? நேரான ஒரு பாரை வைத்து வாசிக்கும்போது, கம்பிகளை எப்படிச் சுருதி சேர்த்திருக்கிறோமோ அந்த ஸ்வரக் கூட்டுதான் இடம் மாறி மாறிக் கிடைக்கும். சி6, ஏ6, இ13 என்பவை கம்பிகளைச் சுருதி சேர்க்கும் முறைகளின் பெயர்கள். சி6 சேர்த்த கழுத்தில் எளிதாக வரும் கோர்டு (ஸ்வரக் கூட்டு) ஏ6 கழுத்தில் அப்படியே வராது, இ13-இல் எளிதாக வருவது இரண்டிலும் எளிதில் வராது. அதனால் ஒவ்வொரு சுருதிக்கும் ஒரு கழுத்து வைத்தார்கள். ஹவாயில் 1880களின் இறுதியில் ஜோசப் கெகுகு தொடங்கிவைத்ததாகச் சொல்லப்படும் இந்த வாசிப்பு முறை, அமெரிக்க டான்ஸ் ஹால்களுக்கு வந்து சேர்ந்தபோது லியான் மெக்காலிஃப் போன்ற ஸ்டீல் கிதார் கலைஞர்கள் நான்கு கழுத்து வைத்து வாசித்தார்கள். ஃபெண்டர் 1953-இல் ஸ்ட்ரிங்மாஸ்டரைக் கொண்டுவந்தது. கழுத்துக்கு எட்டுக் கம்பி, ஒவ்வொரு கழுத்தும் முந்தையதைவிட ஒரு படி உயரம். அடுத்த ஆண்டே பட் ஐசக்ஸ் என்ற கலைஞர், ஒலித்துக்கொண்டிருக்கும் கம்பியின் சுருதியைக் காலால் மிதிக்கும் பெடலால் வளைத்து வாசித்த பதிவு வெளிவந்தது. எல்லோரும் பெடல் பக்கம் திரும்பினார்கள். பல கழுத்து வாத்தியங்களில் நிறைய பெட்டிக்குள் போய்ப் படுத்தன. இன்று நம் கைக்கு வருபவை அப்படிக் கிடந்து எழுந்தவைதான்.

சரி, நட்டுக்கு வருவோம். கம்பிகளின் மேல்பக்கம் எட்டும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், ஏனென்றால் பார் தொடுவது மேல்பக்கத்தை. தாழ்ந்த சுருதி தரும் கீழ்க்கம்பியின் தடிமன் 0.056 அங்குலம், உயர்ந்த சுருதி தரும் மேல்க்கம்பியின் தடிமன் 0.014 அங்குலம் என்றால் இரண்டுக்கும் வித்தியாசம் 0.042 அங்குலம், அதாவது ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். அந்த அளவு தடித்த கம்பியின் பள்ளம் ஆழமாக இருந்தாக வேண்டும். கம்பி செட்டை மாற்றினால் இந்தக் கணக்கும் மாறிவிடும். பலர் தடித்த செட் ஒன்றை வாங்கிப் போட்டுவிட்டு, பார் ஆடுவதற்குத் தங்கள் கையைக் குறை சொல்வார்கள்.

சோதிப்பது எளிது. ஒரு ஸ்டீல் ஸ்கேலை விளிம்பு கீழே வரும்படி நட்டுக்குப் பக்கத்தில் கம்பிகளின் குறுக்கே வையுங்கள். அந்தப் பக்கம் ஒரு டார்ச். ஸ்கேலுக்கும் கம்பிக்கும் நடுவே வெளிச்சம் கசிந்தால் அந்தக் கம்பி பள்ளத்தில் இருக்கிறது. ஸ்கேல் சீசா மாதிரி ஆடினால் நடுவே ஒன்று துருத்துகிறது. மறுகோடியில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் பக்கமும் இதேபோல் பாருங்கள். குறை தெரிந்தாலும் உடனே அரத்தை எடுக்காதீர்கள். முதலில் அந்த நட்டுக்கு எந்தத் தடிமன் கம்பிகள் பொருந்தும் என்று பாருங்கள், பெரும்பாலும் செட்டை மாற்றினாலே சரியாகிவிடும். அரம் போட்டே ஆக வேண்டுமென்றால் அசல் நட்டைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, ஒரு நகல் செய்து அதில் போடுங்கள். அரத்தில் போன உலோகம் திரும்பி வராது.

அடுத்தது பிரிட்ஜை நகர்த்துவது. பன்னிரண்டாம் கோட்டில் பாரை வைத்து வாசித்தால் சுருதி விலகுகிறது, அதனால் பிரிட்ஜைச் சாய்க்கிறேன் என்று கிளம்புவார்கள். கிதாரில் கம்பியை அழுத்தும்போது அது கொஞ்சம் நீள்கிறது, அந்த நீட்சியைச் சரிக்கட்டத்தான் பிரிட்ஜில் கம்பிக்குக் கம்பி தூரத்தை மாற்றுகிறோம். இங்கே பார் கம்பியின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது, அழுத்தம் இல்லை. சரிக்கட்ட வேண்டியதும் இல்லை. விலகல் இருந்தால் பெரும்பாலும் கண்ணின் கோளாறுதான். கம்பிக்கும் கோட்டுக்கும் நடுவே நல்ல இடைவெளி இருக்கிறது. நாம் நட்டுப் பக்கம் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தால் பாரின் நிலை கோட்டிலிருந்து தள்ளித் தெரியும். நேர் மேலே இருந்து பார்த்தால் பொருந்தியிருக்கும். கண்ணை மட்டும் நம்பாதீர்கள். பன்னிரண்டாம் இடத்தில் கம்பியை லேசாகத் தொட்டு மேல் ஸ்வரத்தை எழுப்புங்கள், அதே இடத்தில் பாரை வைத்து மீட்டுங்கள். இரண்டும் ஒன்றினால் பிரிட்ஜில் கைவைக்க ஒரு காரணமும் இல்லை.

மேல்க்கம்பி அறுந்துகொண்டே இருக்கிறது என்பது எல்லோரும் சொல்லும் குறை. ‘இன்னும் மெல்லிசா போட்டுப் பாரு’ என்பது எல்லோரும் தரும் யோசனை. அந்த யோசனை தவறு. மெல்லிய கம்பிக்கு அதே சுருதிக்குக் குறைந்த இழுப்புப் போதும், அது உண்மைதான். ஆனால் அது தாங்கும் பலமும் ஏறக்குறைய அதே விகிதத்தில் குறைந்துவிடுகிறது. வெறும் எஃகுக் கம்பி எந்தச் சுருதியில் அறும் என்பதைத் தீர்மானிப்பது தடிமன் இல்லை, நீளம். தொடக்ககால ஸ்ட்ரிங்மாஸ்டர்களில் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை 26 அங்குலம். பிறகு 24.5, 22.5 அங்குலங்களில் வந்தன. இழுப்பு நீளத்தின் வர்க்கத்தோடு ஏறும். அதே கம்பி, அதே சுருதி என்றால் 22.5 அங்குலத்தில் இழுப்பு, 26 அங்குலத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். சி6-இல் மேல்க்கம்பியை ஜி வரை ஏற்றுபவர்கள் உண்டு. குட்டைக் கழுத்தில் அது நிம்மதியாக நிற்கும். 26 அங்குலத்தில் கம்பி தன் எல்லைக்கு மிக அருகில் போய்விடும். அப்படிப்பட்ட வாத்தியத்தில் அந்தக் கழுத்தை ஏ6-க்கோ வேறு தாழ்ந்த சுருதிக்கோ ஒதுக்குவதுதான் சரி.

அதனால் கம்பி வாங்குவதற்கு முன் அளந்துகொள்ளுங்கள். நட்டிலிருந்து பன்னிரண்டாம் கோடு வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். 13 அங்குலம் வந்தால் 26, 11.25 வந்தால் 22.5. அறுந்த கம்பியையும் எறிந்துவிடாதீர்கள், எங்கே அறுந்தது என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் பிரிட்ஜின் மேலேயே அறுந்தால் அங்கே ஒரு பிசிறு இருக்கிறது, மிக நுண்ணிய உப்புத்தாளை ஒரு நூலில் ஒட்டி இரண்டு இழுப்பு இழுத்தால் போதும். டியூனிங் கீயில் அறுந்தால் சுற்றிய விதம் சரியில்லை. சுருதி ஏறும்போதே நடுவில் பட்டென்று போனால் நீளக் கணக்குத்தான்.

ஒலி வராத கழுத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் நல்ல பிக்அப்கள் வீணாகப் பலியாவது இங்கேதான். என் ஸ்ட்ரிங்மாஸ்டரில் பின் கழுத்து மெலிந்து, தகரம் தட்டுகிற மாதிரி ஒலித்தது. ஒரு டெக்னீஷியனிடம் கொண்டுபோனேன். பிக்அப்புக்குள் இருக்கும் ‘காயில்’ என்ற கம்பிச்சுற்று போய்விட்டது, பிரித்துப் புதிதாகச் சுற்ற வேண்டும் என்றார். எனக்கு மனசு வரவில்லை. வீட்டுக்கு எடுத்து வந்து மேசையில் வைத்துப் பொறுமையாகப் பார்த்தேன். இந்த மாடலில் கழுத்துக்கு இரண்டு பிக்அப். இரண்டாவது பிக்அப் எவ்வளவு கலக்க வேண்டும் என்று தீர்மானிக்க, பிக்அப் அருகிலேயே விரலால் உருட்டும் சிறு சக்கரம் ஒன்று ஒளிந்திருக்கும். அது அழுக்கில் இறுகி, இரண்டாவது பிக்அப் சுத்தமாகக் கலக்காத இடத்தில் நின்றுபோயிருந்தது. எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரை ஒரு சொட்டு விட்டு, சக்கரத்தை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் முப்பது தடவை உருட்டினேன். முதலில் கரகரவென்றது, அப்புறம் அடங்கியது, கழுத்து முழு உடம்போடு பாடியது. அறுபது ஆண்டுக்கு மேல் பழைய அந்தக் கம்பிச்சுற்றைக் கத்தரித்துக் குப்பையில் போட்டிருப்போம். அதை இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

அந்த இரண்டு பிக்அப்களும் ஒன்றுக்கொன்று எதிர்ப்போக்கில் அமைக்கப்பட்டவை. இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது மின்சார இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். சக்கரத்தை மூடினால் இரைச்சல் திரும்ப வரும், அது பழுதே இல்லை. யாராவது ஒரு பிக்அப்பை மட்டும் கழற்றி, வயரை இடம் மாற்றிச் சால்டரிங் செய்துவிட்டால் ஒலி ஒன்றையொன்று தின்று சூம்பிப்போகும். வயரைத் தொடும் முன் எந்த நிறம் எங்கே போகிறது என்று செல்போனில் நாலு படம் எடுத்துவிடுங்கள்.

பழுதைத் தேடும்போது பல கழுத்து என்பது நமக்குச் சாதகம். எல்லாக் கழுத்துக்கும் பொதுவானவை வால்யூம், டோன், ஜாக். கழுத்துக்குக் கழுத்து தனியானவை பிக்அப்பும் கலக்கும் சக்கரமும். நடுவே கழுத்தைத் தேர்ந்தெடுக்கும் சுவிட்ச். எந்தக் கழுத்தில் வாசித்தாலும் கரகரப்பு என்றால் பொதுவான இடத்தில் தேடுங்கள். ஒரு கழுத்து மட்டும் செத்திருந்தால் சுவிட்சின் அந்தக் கால், பிறகு சக்கரம், பிறகு சால்டரிங் முனை, கடைசியாகத்தான் காயில். மல்டிமீட்டரில் காயில் அறுந்ததாகக் காட்டினாலும், வெளி வயர் வந்து சேரும் முனையை ஒருமுறை சூடு காட்டிப் பாருங்கள், பல சமயம் அங்கேதான் விட்டிருக்கும். துரு நீக்கும் ஸ்பிரேயைச் சுவிட்சுக்குள் அடிக்கவே கூடாது. அன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும், பிறகு அந்த எண்ணெய்ப் பசையில் தூசி ஒட்டி முன்னைவிட மோசமாகும். தேங்காய் எண்ணெய் விட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

ரிக்கன்பேக்கர் நிறுவனத்தின் ஸ்டீல் கிதார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அதன் பிக்அப்பில் இரண்டு லாடக் காந்தங்கள் கம்பிகளின் மேலே வளைந்து நிற்கும், கம்பி நடுவே நுழைந்து போகும். கம்பி மாட்ட வசதியாக இருக்குமென்று காந்தங்களைக் கழற்றித் தனியே போட்டுவைத்தால் அவற்றின் பலம் குறையலாம். கழற்றியே ஆக வேண்டுமென்றால் குறுக்கே ஒரு இரும்புத் துண்டை ஒட்டவிட்டு வையுங்கள், தட்டவோ கீழே போடவோ கூடாது. அந்த நிறுவனத்தின் முதல் மாடல், 1932-இல் விற்பனைக்கு வந்த ‘வாணலி’, வார்ப்பு அலுமினியம். மேடை விளக்கின் சூட்டில் உடம்பே விரிந்து சுருதி ஓடும். அதற்கு டியூனிங் கீயை மாற்றிப் பயனில்லை. பிறகு வந்த பேக்லைட் உடம்புக்காரனுக்கு அந்தத் தொல்லை குறைவு, ஆனால் இறுக்கி முறுக்கினால் விரிசல் விடும்.

கால்கள். இவற்றில் மரை கெட்டுப்போவது அவசரத்தால். காலைக் குழியில் வைத்ததும் வலப்பக்கம் திருகாமல், முதலில் இடப்பக்கம் மெதுவாகச் சுற்றுங்கள். மரையின் தொடக்கம் ஒன்றோடொன்று சந்திக்கும் இடத்தில் ‘டக்’கென்று ஒரு சிறு இறக்கம் விரலுக்குத் தெரியும். அங்கிருந்து வலப்பக்கம் திருகினால் வெண்ணெயாக ஏறும். பிடிவாதம் பிடித்தால் நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். கால் மாட்டியபடியே தூக்கிக்கொண்டு கதவைத் தாண்டாதீர்கள். கால் நிலைப்படியில் இடித்தால் அத்தனை நெம்புவிசையும் மரத்தில் பதித்த சின்னத் திருகாணிகள் மேல்தான் விழும்.

துடைக்க ஈரமில்லாத பனியன் துணி போதும். பழைய லேக்கர் மேல் தின்னரோ ஸ்பிரிட்டோ பட்டால் இளகிவிடும். பித்தளை பாலிஷ் போட்டால் முலாம் கரையும். கடலோர ஊர்களில் பெட்டிக்குள் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மாதம் ஒருமுறை மாற்றுங்கள்.

கடைசியாகச் சுருதி. எல்லாம் சரியாக இருந்தும் கோர்டு கசக்கிறது என்பவர்கள் பலர், எலக்ட்ரானிக் டியூனரின் முள்ளை எல்லாக் கம்பியிலும் நட்டநடுவில் நிறுத்துபவர்கள். டியூனர் காட்டுவது பியானோவின் கணக்கு. சி6-இல் இருக்கும் இ, சி-யை ஷட்ஜமாக வைத்தால், நமக்கு அந்தர காந்தாரம். இயற்கையாக ஒன்றும் காந்தாரம் டியூனரின் நடுக்கோட்டைவிடச் சுமார் 14 சென்ட் கீழே இருக்கிறது (சென்ட் என்பது பியானோவில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் நூறில் ஒரு பங்கு). மெட்டு இல்லாத வாத்தியம் இது, அந்தக் காந்தாரத்தை அதன் இடத்தில் வைக்க யாரும் தடுக்கவில்லை. சி கம்பியை டியூனரில் சேர்த்துவிட்டு டியூனரை அணைத்துவிடுங்கள். சி-யையும் இ-யையும் சேர்த்து மீட்டியபடி இ-யைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். இரண்டுக்கும் நடுவே அலையடிக்கிற மாதிரி ஒரு துடிப்பு கேட்கும். அது வேகம் குறைந்து, குறைந்து, ஒரு இடத்தில் நின்றுவிடும். அங்கே கீயை விட்டுவிட்டு அடுத்த கம்பிக்குப் போங்கள்.