'பாண்ட்' என்ற சொல்லைத் தமிழாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் வங்கிக் கடிதங்களையும் சட்ட ஆவணங்களையும் புதிதாக மொழிபெயர்க்க வரும் இளைஞர்கள், என் தலைமுறையினர் இடறிய அதே இடத்தில், 'பாண்ட்' (bond) என்ற ஒரே ஆங்கிலச் சொல்லில், இன்றும் இடறுகிறார்கள். எழுத்துப்பிழையையும் ஒற்றுப்பிழையையும் அவரவரே திருத்திக்கொள்ளலாம் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

வீட்டுக் கடனைப் 'பத்திரம்' என்று எழுதுதல்

தென்னாப்பிரிக்காவில் ஒருவர் தம் வீட்டின் மீது 'பாண்ட்' இருப்பதாகச் சொன்னால், அந்த வீட்டை ஈடாக வைத்து வங்கியில் வாங்கிய கடன் இருக்கிறது என்பதே பொருள். தமிழ்நாட்டிலோ 'பாண்டு' என்றால் முத்திரைத்தாள், வேலைக்குச் சேரும்போது எழுதிக்கொடுக்கும் உறுதிமொழி, சேமிப்புப் பத்திரம் ஆகியவைதான் நினைவுக்கு வரும். அங்கிருந்து வந்தவர் படிப்பதற்காக எழுதும்போது 'பத்திரம்' என்று முடித்துவிட்டால், அவர் கடனை நினைக்கவே மாட்டார். அலமாரியில் உள்ள தாளைத்தான் நினைப்பார்.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் குடியிருந்த நாதசுரக் கலைஞர் ஒருவர் ஊர் திரும்ப எண்ணி வீட்டை விற்க முற்பட்டார். வங்கியின் ஆங்கிலக் கடிதம் தெளிவாகவே இருந்தது. அதன் தமிழாக்கத்தில் 'பத்திரத்தை ரத்துசெய்வதை 90 நாள்களுக்கு முன் தெரிவிக்கவும்' என்று இருந்தது. தம்மிடம் அப்படி எந்தப் பத்திரமும் இல்லையே என்று அவர் அந்த வரியைக் கடந்துவிட்டார். 2005ஆம் ஆண்டின் தேசியக் கடன் சட்டத்தின்படி, வீட்டுக் கடனை முன்கூட்டியே முடிப்பவர் உரிய அறிவிப்புத் தராவிட்டால், மூன்று மாத வட்டி வரை வங்கி கேட்கலாம். வங்கி கேட்டது, அவர் கட்டினார். மொழிபெயர்த்தவருக்கு அதில் ஒரு சென்ட்கூட இழப்பில்லை என்பது எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது.

அதே கடிதத்தில் இன்னொரு சிக்கலும் இருந்தது. கடனை முழுவதும் அடைத்துவிட்டாலும் வீட்டின் மீதுள்ள பதிவு தானாக நீங்காது. டர்பன் அமைந்துள்ள குவாசுலு-நேட்டால் மாகாணத்தில் உள்ள வீடென்றால், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உள்ள சொத்துப் பதிவகத்தில் வழக்கறிஞர் வழியாக அதை நீக்க வேண்டும். ஆகவே கடனைக் குறிக்கும் இடத்தில் 'வீட்டுக் கடன்' என்றும், பதிவைக் குறிக்கும் இடத்தில் 'அடமானப் பதிவு' என்றும் பிரித்து எழுத வேண்டும். ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஆவணம் முழுவதும் ஒரே தமிழ்ச் சொல்தான் வர வேண்டும் என்று பள்ளியில் கற்ற பிடிவாதம் இங்கே உதவாது.

கடன் கொடுத்தவரைக் கடனாளியாக்குதல்

வீட்டுக் கடன் என்ற பொருளைக் கற்றுக்கொண்டதும் அதை எல்லா இடங்களிலும் பொருத்துவது அடுத்த தவறு. தென்னாப்பிரிக்கத் தேசியக் கருவூலம் 2004 முதல் பொதுமக்களுக்கு விற்றுவரும் சேமிப்பு 'பாண்ட்'களில் பணம் கொடுப்பவர் குடிமகன். வட்டியுடன் திருப்பித் தருவது அரசு. இங்கேதான் 'பத்திரம்' என்ற சொல் பொருந்தும். யார் யாருக்குப் பணம் தர வேண்டும் என்பதைக் கண்டறிந்த பிறகே சொல்லைத் தேர்ந்தெடுங்கள்.

முன்னோரைக் கொத்தடிமை என்று எழுதுதல்

1860 முதல் 1911 வரை நேட்டாலுக்குக் கொண்டுவரப்பட்ட ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களைப் பற்றிய கட்டுரைகளில், 'பாண்டட்' என்ற வடிவத்தைக் கண்டவுடன் 'கொத்தடிமை' என்று எழுதிவிடுகிறார்கள். கொத்தடிமை என்பவர் வாங்கிய கடனுக்காக உழைப்பவர். நம் முன்னோர் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துக் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்கள். அவர்கள் பட்ட கொடுமையைக் குறைத்துக் காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. எந்தச் சட்டம் அவர்களைக் கட்டிப்போட்டது என்று வாசகருக்குத் தெரிய வேண்டுமானால் 'ஒப்பந்தத் தொழிலாளர்' என்றே எழுத வேண்டும்.

வேதியியல் பாடம்

'பிணைப்பு' என்று எழுதுங்கள்.

துறைமுகக் கிடங்கு

டர்பன் துறைமுகத் தாள்களில் இந்தச் சொல், சரக்குக்குச் சுங்க வரி இன்னும் கட்டப்படவில்லை என்பதைக் குறிக்கும். 'வரி செலுத்தப்படாத சரக்குக் கிடங்கு' என்று நீட்டி எழுதினாலும் குற்றமில்லை. சுருக்கமாக 'பாதுகாப்புக் கிடங்கு' என்று எழுதி, வரி கட்டிய சரக்கென்று வணிகரை நினைக்க வைப்பதைவிட அது மேல்.