படப்பிடிப்புத் தளத்தில் துப்பாக்கி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2021 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், சாண்டா ஃபே நகருக்கு அருகிலுள்ள போனான்சா கிரீக் பண்ணையில் ‘ரஸ்ட்’ படத்தின் காட்சி ஒன்றுக்கு ஆயத்தம் நடந்துகொண்டிருந்தது. கேமரா இன்னும் ஓடவில்லை. நடிகர் அலெக் பால்ட்வின் உறையிலிருந்து ரிவால்வரை எடுக்கும் விதத்தைக் கேமராக் கோணத்தில் பார்த்துக்கொண்டிருந்தபோது அது வெடித்தது. உண்மையான குண்டு ஒன்று ஒளிப்பதிவாளர் ஹலீனா ஹட்சின்ஸின் உடலைத் துளைத்து வெளியேறி, அருகில் நின்ற இயக்குநர் ஜோயல் சூசாவின் தோளில் பாய்ந்தது. 42 வயதான ஹட்சின்ஸ் அன்றே உயிரிழந்தார். அந்தத் துப்பாக்கி பலரின் பொறுப்பைக் கடந்து வந்தது; ஆனாலும் அதற்குள் என்ன இருக்கிறது என்று ஒருவரும் முழுமையாகப் பார்க்கவில்லை.

வாய்ச்சொல்லைச் சோதனையாக ஏற்றுக்கொள்வதுதான் முதலாவதும் மிகப் பெரியதுமான தவறு. விசாரணை ஆவணங்களின்படி, அன்று முதல் உதவி இயக்குநர் டேவிட் ஹால்ஸ் ‘கோல்ட் கன்’ (cold gun) என்று உரக்க அறிவித்திருக்கிறார். வெடிக்கக்கூடிய எதுவும் துப்பாக்கியில் இல்லை என்பதே ஹாலிவுட் வழக்கத்தில் அதன் பொருள். எல்லாத் தோட்டாக்களையும் தாம் சோதித்திருக்க வேண்டும் என்று அவரே பின்னர் விசாரணையாளர்களிடம் கூறினார். அந்தச் சோதனை கடினமானதும் அல்ல. ரிவால்வரின் உருளையிலிருந்து தோட்டாக்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்க வேண்டும். உண்மையானவை போலத் தெரியும், ஆனால் வெடிக்காத டம்மித் தோட்டாக்கள் பலவற்றின் உள்ளே வெடிமருந்துக்குப் பதிலாகச் சிறு உலோக மணி இருக்கும், குலுக்கினால் கலகலக்கும். வேறு சில டம்மிகளின் பக்கவாட்டில் துளை இடப்பட்டிருக்கும். ஓசையும் இல்லை, துளையும் இல்லை என்றால் அந்தத் தோட்டா துப்பாக்கிக்குள் திரும்பக் கூடாது. இவையெல்லாம் துப்பாக்கியைக் கையில் வாங்கப்போகும் நடிகரின் கண்ணெதிரே நடக்க வேண்டும். ஆயுதத்தைச் சோதிப்பது நடிகரின் வேலையல்ல என்று வாதிடுவோர் உண்டு. பால்ட்வின் மீதான வழக்கு, அரசுத் தரப்பு ஆதாரங்களை மறைத்த காரணத்தால் 2024 ஜூலையில் விசாரணையின் நடுவிலேயே தள்ளுபடியானதால், அந்தக் கேள்விக்கு ஜூரிகளின் விடை கிடைக்கவில்லை. ஆயினும், நிபுணர் சோதிப்பதைப் பக்கத்தில் நின்று பார்ப்பதற்கு நடிகர் நிபுணராக இருக்கத் தேவையில்லை. அதை வேண்டாம் என்று சொல்ல எந்த நடிகருக்கும் நியாயமான காரணம் இருக்க முடியாது என்றே நான் கருதுகிறேன்.

உண்மையான தோட்டாக்களைத் தளத்துக்குள் அனுமதிப்பது அடுத்த தவறு. அவற்றைப் படப்பிடிப்புக்குக் கொண்டுவரவே கூடாது என்பது அமெரிக்கத் திரைத்துறையில் பல காலமாக எழுத்தில் உள்ள விதி. இருந்தும் ‘ரஸ்ட்’ தளத்தில், சுடப்பட்டதைத் தவிர மேலும் ஐந்து உண்மையான தோட்டாக்கள் கிடைத்தன. முன்னிருந்து பார்க்கும்போது ரிவால்வரின் உருளையில் தோட்டா முனைகள் தெரியும் என்பதால், டம்மிகள் அச்சு அசலாக உண்மையானவை போலவே செய்யப்படுகின்றன. இரண்டும் ஒரே பெட்டியில் கலந்துவிட்டால் கண்ணால் மட்டும் பிரித்தறிய முடியாது. ஆயுதப் பொறுப்பாளர் ஹன்னா குட்டியரஸ்-ரீட் 2024 மார்ச் மாதத்தில் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டு, பின்னர் 18 மாதச் சிறைத்தண்டனை பெற்றார்.

டம்மித் தோட்டாக்களை அவசரத்தில் தளத்திலேயே தயாரித்துக்கொள்வதும் உயிரைப் பறித்திருக்கிறது. 1993 மார்ச் 31 அன்று வட கரோலினாவின் வில்மிங்டனில் ‘தி க்ரோ’ படப்பிடிப்பில் 28 வயதான பிராண்டன் லீ இறந்தது அப்படித்தான். உண்மையான தோட்டாக்களின் முனைக்குண்டைக் கழற்றி, மருந்தைக் கொட்டிவிட்டு, குண்டை மீண்டும் பொருத்தியிருந்தார்கள்; ஆனால் அடியிலுள்ள பிரைமரை, அதாவது மருந்தைப் பற்றவைக்கும் சிறு வெடிப்பகுதியை, அகற்றவில்லை. விசை அழுத்தப்பட்டபோது பிரைமர் மட்டும் வெடித்துக் குண்டைக் குழலுக்குள் தள்ள, அது அங்கேயே சிக்கிக்கொண்டது. அதே துப்பாக்கியில் பின்னொரு காட்சிக்காகக் குண்டில்லாத பிளாங்க் தோட்டா நிரப்பப்பட்டது. பிளாங்கில் குண்டு இல்லாவிட்டாலும் மருந்து உண்டு. அது வெடித்ததும் குழலில் சிக்கியிருந்த குண்டு உண்மையான தோட்டாவுக்கு நிகரான விசையுடன் வெளியேறி லீயின் வயிற்றில் பாய்ந்தது. ஒரு காட்சி முடிந்து மறு காட்சிக்குத் துப்பாக்கியை எடுக்கும்போது குழலுக்குள் விளக்கொளி பாய்ச்சிப் பார்த்திருந்தால் அந்த அடைப்பு தெரிந்திருக்கும்.

பிளாங்க் தோட்டா ஆபத்தற்றது என்ற எண்ணத்தையும் கைவிட வேண்டும். 1984 அக்டோபரில் ‘கவர் அப்’ தொலைக்காட்சித் தொடரின் தளத்தில் நடிகர் ஜான்-எரிக் ஹெக்சம், இடைவேளையில் பிளாங்க் நிரப்பிய .44 மேக்னம் ரிவால்வரைத் தம் நெற்றிப்பொட்டில் வைத்து விசையை அழுத்தினார். மருந்து வெடித்த வாயுவின் அழுத்தமும் தோட்டாவில் மருந்தை உள்ளே நிறுத்தி வைத்திருந்த அடைப்பும் மண்டை ஓட்டை உடைத்தன. ஆறு நாட்களில் அவர் இறந்தார். காட்சி இல்லாத நேரத்தில் துப்பாக்கி நடிகரின் கையில் இருக்கவே கூடாது.

ஆயுதப் பொறுப்பாளருக்கு வேறு வேலைகளையும் சுமத்துவது தயாரிப்புத் தரப்பின் தவறு. ‘ரஸ்ட்’ படத்தில் அவர் காட்சிகளில் பயன்படும் பிற பொருட்களைக் கவனிக்கும் வேலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருந்தது. விபத்துக்குச் சில நாட்கள் முன்பு, அக்டோபர் 16 அன்று, இரண்டு துப்பாக்கிகள் தவறுதலாக வெடித்தன. அதன் பிறகும் வேலை நிறுத்தப்பட்டு முறையான விசாரணை நடக்கவில்லை. தங்குமிடம் பற்றியும் பாதுகாப்பு பற்றியும் புகார் சொன்ன கேமராக் குழுவினர் பலர் விபத்தன்று காலையில்தான் தளத்தை விட்டு வெளியேறினார்கள். மாநிலத் தொழில் பாதுகாப்பு அமைப்பு இவற்றையெல்லாம் ஆராய்ந்து, 2022 ஏப்ரலில் தயாரிப்பு நிறுவனத்துக்குச் சட்டம் அனுமதித்த உச்சபட்ச அபராதமான 1,36,793 டாலரை விதித்தது. அது பின்னர் ஒரு லட்சம் டாலராகக் குறைக்கப்பட்டது. உயிர்ச்சேதம் இல்லாமல் துப்பாக்கி தவறுதலாக வெடித்தால், தப்பித்தோம் என்று அடுத்த ஷாட்டுக்குப் போகாமல் அன்றைய ஆயுதக் காட்சிகளை நிறுத்திவைக்கும் அதிகாரம் ஒருவருக்காவது இருந்தாக வேண்டும்.

கேமராவை நோக்கிக் குறிபார்க்கும் காட்சிகளில் லென்சுக்குப் பின்னால் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பது எளிதில் மறந்துபோகிறது. கேமராவை ஆளில்லாமல் நிறுத்தி மானிட்டரில் பார்க்கலாம். முடியாதபோது உறுதியான தடுப்புத் தகடு வைக்கலாம். குறியைச் சற்றே விலக்கினாலும் திரையில் நேராகத் தெரியும்படி கோணத்தை அமைக்கலாம். ஒத்திகைக்கு உண்மையான துப்பாக்கியே தேவையில்லை, ரப்பர் மாதிரி போதும்.

கடைசியாக, பழக்கத்தின் பேரிலேயே உண்மையான துப்பாக்கியை வரவழைப்பது. ஹட்சின்ஸ் இறந்த மறுநாளே ‘தி ரூக்கி’ தொடரின் தயாரிப்பாளர்கள் பிளாஸ்டிக் மணிகளைச் சுடும் ஏர்சாஃப்ட் துப்பாக்கிகளை மட்டும் பயன்படுத்தி, குழல்முனைத் தீப்பொறியைக் கணினியில் சேர்ப்பதாக அறிவித்தார்கள். துப்பாக்கி எகிறும் அதிர்வு கணினியில் சரியாக வராது என்று சில இயக்குநர்கள் சொல்வதில் உண்மை இருக்கலாம். ஆனால் தொலைவுக் காட்சிகளுக்கும் உறையில் செருகியிருக்கும் காட்சிகளுக்கும் அந்த வாதம் பொருந்தாது. அவற்றுக்கு ரப்பர் மாதிரியோ, குழல் நிரந்தரமாக அடைக்கப்பட்ட பிரதியோ போதும்.