பழைய ஜீப்பை வீட்டில் வைத்துச் சரிசெய்யப் போகிறீர்களா? டயரையும் லைட்டையும் கடைசிக்கு வையுங்கள்

பழைய மஹிந்திரா ஜீப் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் முதல் மாதம் செய்கிற வேலை பெரிய டயர் போடுவதும் முன்னால் நாலு லைட் மாட்டுவதும்தான். நானும் அதைத்தான் செய்தேன். என்னுடையது எம்.எம். 540, பல வருஷம் போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஓடிய வண்டி. வாங்கி மூன்றாவது வாரம் போடிமெட்டிலிருந்து இறங்குகிறேன், அந்தப் பாதையின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் பாதிகூடத் தாண்டவில்லை, பிரேக் பெடல் தரையைத் தொட்டுவிட்டது. கியரைக் குறைத்து, மலைப் பக்கம் உரசி எப்படியோ நிறுத்தினேன். பக்கத்தில் அக்கா மகன் உட்கார்ந்திருந்தான், அவன் முகத்தைப் பார்க்கவே எனக்குத் தைரியம் வரவில்லை. அதற்கப்புறம் அந்த வண்டியை வீட்டுத் தகரக் கொட்டகையில் ஏற்றி, முதலில் பிரேக், பிறகு ஸ்டீயரிங், பிறகு சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்), அப்புறம்தான் எஞ்சின் என்ற வரிசையில் பிரித்தேன். நீங்களும் அந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

தொடங்குவதற்கு முன் இரண்டு விஷயம். ஒன்று, ஸ்பேனர். இந்த வண்டியின் உடம்பு அமெரிக்க வில்லிஸ் ஜீப் வம்சம், அதனால் சேஸிஸ், ஆக்சில், ஸ்பிரிங் எல்லாம் இஞ்ச் அளவு. எஞ்சின் பெஜோ வடிவமைப்பு (எக்ஸ்.டி.பி. 4.90, 2112 சி.சி. டீசல்), அதில் எல்லாம் மில்லிமீட்டர். ஒரே வண்டிக்கு இரண்டு செட் வேண்டும். 14 எம்.எம். நட்டில் 9/16 ஸ்பேனர் கிட்டத்தட்டப் பொருந்துவதுபோல இருக்கும், அந்தக் ‘கிட்டத்தட்ட’தான் நட்டின் முனையை மழுக்கிவிடும். துருப்பிடித்த நட்டுக்கு முதல் நாள் ராத்திரியே துரு இளக்கும் எண்ணெய் அடித்து விட்டுவிடுங்கள், காலையில் ஒருமுறை இறுக்குகிற பக்கம் லேசாக அசைத்துவிட்டுப் பிறகு கழற்றுங்கள், நிறைய நட்டு உடையாமல் வரும்.

இரண்டாவது, வண்டியைத் தூக்குவது. இந்த ஜீப்பின் ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தில் இல்லை, ட்ரான்ஸ்ஃபர் கேஸின் (எஞ்சின் விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரிக்கும் பெட்டி) பின்னால், பின் ஆக்சிலுக்கு விசை கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைப் பிடிக்கிற டிரம்மில் இருக்கிறது. பின் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கினால் டிஃபரன்ஷியல் வழியாக அந்தச் சக்கரம் ஒரு பக்கம் சுற்ற, தரையில் இருக்கிற சக்கரம் மறுபக்கம் உருண்டுவிடும், ஹேண்ட் பிரேக் முழுசாக இழுத்திருந்தாலும் வண்டி நகரும். அதனால் தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்காமல் ஜாக்கி போடாதீர்கள். தூக்கிய பிறகு ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுக்காமல் வண்டிக்குக் கீழே தலையைக் கொண்டுபோகாதீர்கள். செங்கல், ஹாலோ பிளாக் எதுவும் வேண்டாம், அவை விரிசல்கூடக் காட்டாமல் ஒரே நொடியில் நொறுங்கும்.

சரி, பிரேக். சக்கரத்தைக் கழற்றி டிரம்மை எடுங்கள். பின் டிரம் சில வண்டிகளில் ஹப்போடு சேர்ந்து சாய்வான ஷாஃப்ட்டில் இறுகியிருக்கும், புல்லர் இல்லாமல் வராது, சுத்தியலால் அடித்தால் உள்ளே பேரிங்தான் அடிபடும். புல்லரை வாடகைக்கு வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் கருப்புத் தூசியை வாயாலோ ஏர் அடித்தோ ஊதாதீர்கள், டிரம்மில் உரசும் பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். சோப்புத் தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடையுங்கள். அப்புறம் பிரேக் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ஓரத்தில் இருக்கும் ரப்பர் உறையைச் சின்ன ஸ்க்ரூடிரைவரால் மெதுவாக நெம்பிப் பாருங்கள். உள்ளே காய்ந்திருந்தால் நல்லது. என் வண்டியில் நெம்பியதும் தேநீர் நிறத்தில் ஒரு சொட்டு வடிந்து என் கட்டைவிரலில் விழுந்தது, நாலு சக்கரத்தில் மூன்றில் அப்படி. வெளியே பார்த்தால் ஒரு துளி ஒழுக்குகூடத் தெரியவில்லை. அப்படி இருந்தால் உள்ளே ஆயிலை அடைக்கும் ரப்பர் கப் மட்டும் மாற்றுவதோடு விடாதீர்கள், சிலிண்டரின் உள்சுவரில் விரல் நுனியை ஓட்டிப் பாருங்கள், சொரசொரப்பாகக் குழி தட்டுப்பட்டால் புதுக் கப்பும் சில மாதத்தில் அறுந்துபோகும். சிலிண்டரையே மாற்றுங்கள். ஷூவில் ஆக்சில் ஆயில் படிந்திருந்தால் ஆயில் சீலைச் சரிசெய்யாமல் புது லைனிங் போட்டுப் பயனில்லை, எண்ணெய் குடித்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி மாட்டுகிற வழக்கமும் வேண்டாம்.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் சேர்ந்த ஆயில், மலை இறக்கத்தில் டிரம் சூடாகும்போது ஆவிக் குமிழியாகிறது, குமிழி அமுங்கும், பெடல் தரைக்குப் போகும். எனக்கு நடந்தது இதுதான். அதனால் பழைய ஆயிலை முழுசாக வெளியேற்றி, புது டப்பாவை உடைத்து டாட் 3 அல்லது டாட் 4 ரகம் ஊற்றுங்கள், டாட் 5 சிலிக்கோன் வகை, அதை இதோடு கலக்கவே கூடாது. பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், இல்லாவிட்டால் பெயின்ட் உரிந்துவிடும்.

பிரேக் குழாயில் அடைத்த காற்றை எடுப்பதற்கு இன்னொரு ஆள் வேண்டும். பெடல் அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து அதிக தூரத்தில் இருக்கும் சக்கரத்தில் தொடங்க வேண்டும், நம் வண்டியில் அது பின் இடது, அப்புறம் பின் வலது, முன் இடது, முன் வலது. வீல் சிலிண்டரில் காற்று எடுப்பதற்காக இருக்கும் நிப்பிளில் ஒரு ஒளி ஊடுருவும் டியூப் மாட்டி அதன் மறுமுனையைக் கொஞ்சம் பிரேக் ஆயில் ஊற்றிய பாட்டிலில் முக்கி வையுங்கள். நானும் அக்கா மகனும் செய்தது இப்படி: “மிதிடா... அப்படியே பிடி”, நான் நிப்பிளைக் கால் சுற்று திறப்பேன், “மாமா, கீழே போகுது”, “போகட்டும், காலை எடுக்காதே”, மூடுவேன், “இப்ப விடு”. நான் மூடுவதற்கு முன் அவன் காலை எடுத்தால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும், முதல் நாள் அப்படி மூன்று முறை ஆனது. நாலைந்து தடவைக்கு ஒருமுறை மேலே டேங்க்கில் ஆயில் அளவைப் பாருங்கள், அது காலியானால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

பிரேக் முடிந்ததா, இப்போது ஸ்டீயரிங். பழைய ஜீப் என்றாலே அப்படித்தான் ஆடும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள், ஆட்டத்துக்கு எப்போதும் ஒரு காரணம் இருக்கிறது, அதை விரலால் கண்டுபிடிக்கலாம். நாலு சக்கரமும் தரையில் இருக்கட்டும், எஞ்சினை அணைத்துவிட்டு ஒருவர் ஸ்டீயரிங்கை இடதும் வலதுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அசைக்கட்டும். நீங்கள் கீழே படுத்து, ஒவ்வொரு மூட்டிலும் இரண்டு பாகமும் சேரும் இடத்தில் விரலை வையுங்கள். ஸ்டீயரிங் பாக்ஸைச் சேஸிஸில் பிடித்திருக்கும் போல்ட்டில் தொடங்கி டிராப் ஆர்ம், டிராக் லிங்க், நடுவில் பெல் கிராங்க் (அசைவின் திசையைத் திருப்பிவிடும் நெம்புகோல்) இருக்கும் பழைய வண்டியானால் அதன் அச்சாணி, டை ராடு எண்ட் என்று வரிசையாக. ஒரு பாகம் அசைந்தபிறகு அடுத்தது தாமதமாக அசைந்தால் அங்கேதான் தேய்மானம். நிறைய வண்டியில் பெல் கிராங்க் அச்சாணிதான் குற்றவாளி, பாக்ஸை மாற்றிச் செலவு செய்த பிறகுதான் அது தெரியவருகிறது.

அடுத்து முன் சக்கரத்தைத் தூக்கி மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். இப்போது ஆட்டம் காணாமல் போனால் வீல் பேரிங், அப்படியே இருந்தால் சக்கரம் திரும்புகிற அச்சான கிங் பின்னின் பேரிங். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கியதும் முன் சக்கரம் இரண்டும் வெறிபிடித்த மாதிரி உதறுகிறதே, அது பெரும்பாலும் இந்த மூட்டுகளில் சேர்ந்த தேய்மானமும் டயர் சமன் இல்லாததும் ஒன்றுகூடி வருவது. அதற்கு உதறலை உறிஞ்சும் ஸ்டீயரிங் டேம்பர் மாட்டிச் சமாளிப்பவர்கள் உண்டு, அது வலிக்கு மாத்திரை போடுவதுதான், தேய்ந்ததை மாற்றிவிட்டு வேண்டுமானால் டேம்பர் போடுங்கள்.

சேஸிஸைச் சின்னச் சுத்தியலால் நீளத்துக்கும் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு ‘டங்’ என்று கேட்கும், உள்ளே அரித்திருந்தால் சத்தம் மழுங்கும், பொடியாக உதிரும். ஸ்பிரிங் ஷேக்கிள் பிடிக்கும் இடங்களையும் பாடி மவுண்ட்டைச் சுற்றியும் இரண்டு முறை தட்டுங்கள். தரைத் தகரத்தில் ரப்பர் மேட்டைக் கட்டாயம் தூக்கிப் பாருங்கள், மேட்டுக்கு அடியில் தேங்கும் தண்ணீரும் செம்மண்ணும்தான் இந்த வண்டிகளைத் தின்கின்றன. ஓட்டையை ஃபைபரும் பட்டியும் வைத்து மூடாதீர்கள், நல்ல தகரம் வரும்வரை வெட்டி எடுத்து 16 கேஜ் தகரம் வைத்து வெல்டிங் செய்யுங்கள். வெல்டிங்குக்கு முன் பேட்டரி இரண்டு முனையையும் கழற்றுங்கள், ஆல்டர்னேட்டர் ஒயரையும்தான். இந்த ஜீப்புகளில் டீசல் டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியிலேயே இருக்கும், அந்தப் பக்கம் நெருப்பு வேலை என்றால் டேங்க்கை இறக்கி வெளியே கொண்டுபோய் வைத்த பிறகுதான் தொடங்க வேண்டும், இதில் அவசரமே கூடாது. சேஸிஸ் வெல்டிங் மட்டும் நீங்கள் செய்யாதீர்கள், கை தேர்ந்தவரை வீட்டுக்கு வரவழைத்துச் செய்யுங்கள்.

எஞ்சின் விஷயத்தில் நான் அதிகம் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் பெஜோ டீசல் பொறுமையான எஞ்சின், பெரும்பாலும் அதைப் பிரிக்கவே தேவை வராது. காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தால் முதலில் குளிர்ந்த எஞ்சினைச் சூடேற்றும் குளோ பிளக்கைப் பாருங்கள். நாலையும் இணைக்கும் பட்டையைக் கழற்றிவிட்டு, பேட்டரி பாசிட்டிவிலிருந்து டெஸ்ட் லாம்ப் வழியாக ஒவ்வொரு பிளக்கின் முனையையும் தொடுங்கள், விளக்கு எரியாத பிளக் செத்தது. டீசல் ஃபில்டர் மாற்றினால் காற்று அடைத்துக்கொள்ளும், ஃபில்டர் தலையில் இருக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கைப் பம்பை நுரை போய்த் தெளிவான டீசல் வரும்வரை அழுத்துங்கள். கியர் பாக்ஸ், ட்ரான்ஸ்ஃபர் கேஸ் இரண்டின் ஆயில் அளவையும் தனித்தனியாகப் பாருங்கள், நடுவில் இருக்கும் சீல் தேய்ந்தால் ஒன்றின் ஆயில் மற்றதுக்குப் போய்விடும், ஒன்று வழியும், இன்னொன்று வறண்டு கிடக்கும். பழைய பித்தளைப் பாகங்கள் உள்ள கியர் பாக்ஸுக்கு ஜி.எல். 4 ரக ஆயிலே போதும்.

இதெல்லாம் முடிந்தபிறகு கூடுதல் வசதிகளுக்கு வாருங்கள். என் கணக்கில் முதல் இடம் முன் டிஸ்க் பிரேக்குக்கும், மிதிக்கும் பலத்தைக் கூட்டும் பூஸ்டருக்கும். பொலேரோ பாகங்களை வைத்து இதைச் செய்கிறார்கள், ஆனால் டீசல் எஞ்சினில் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடம் தானாகக் கிடைக்காது, வேக்குவம் பம்ப் உள்ள ஆல்டர்னேட்டர் சேர்த்து வாங்க வேண்டும். இதைக் கடையில்தான் செய்தேன், வீட்டில் அல்ல. அடுத்தது ஹெட்லைட் ரிலே (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் சுவிட்ச்), இது வீட்டிலேயே ஒரு மதியத்தில் முடியும். இரண்டு 60 வாட் பல்பு என்றால் 12 வோல்ட்டில் 10 ஆம்பியர், அவ்வளவும் முப்பது வருஷப் பழைய சுவிட்ச் வழியாகப் போகிறது, அதனால்தான் வெளிச்சம் மஞ்சளாகச் சோர்ந்து தெரிகிறது. ஹை, லோ இரண்டுக்கும் தனித்தனி ரிலே, பேட்டரியிலிருந்து வரும் ஒயர், பக்கத்திலேயே ஃபியூஸ் வைத்து ரிலேயின் 30ஆம் முனைக்கு, 87 பல்புக்கு, ஹெட்லைட்டுக்குப் போய்க்கொண்டிருந்த பழைய ஒயர் 86க்கு, 85 பாடியில். நான் போட்டிருந்த நாலு எக்ஸ்ட்ரா லைட்டையும் இதற்கப்புறம் கழற்றிவிட்டேன், தேவைப்படவில்லை.

டயரும் அப்படித்தான். கம்பெனி அளவான 6.00-16க்குப் பதில் 235/75 ஆர் 15 போட்டால் உயரம் கிட்டத்தட்ட அதேதான், சுமார் 73 செ.மீ., ரிம்மை மட்டும் மாற்ற வேண்டும். 31 இஞ்ச் போட்டவர்களுக்கு ஏற்றத்தில் கியர் இழுக்காது, திருப்பும்போது ஸ்பிரிங்கில் உரசும், ஸ்பீடோமீட்டரும் குறைவாகக் காட்டும். ஸ்பிரிங்கை உயர்த்துவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன், புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் யூனிவர்சல் ஜாயின்ட்டின் கோணம் கெட்டு அதன் நடுவில் இருக்கும் கிராஸ் சீக்கிரம் போகும்.

ஆர்.சி.யை (வண்டியின் பதிவுச் சான்றிதழை) மறக்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் இருக்கும் விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது, எஞ்சின் மாற்றுவதென்றால் ஆர்.டி.ஓ. அனுமதி முதலில். 15 வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அந்தப் பரிசோதனையில் பம்பருக்கு முன்னால் மாட்டிய இரும்புக் கம்பியும் கண்ணில் படும்.

எல்லாம் பூட்டிய பிறகு முதல் ஓட்டம் சமதரையில், இருபது கிலோமீட்டர் வேகத்தில், பிரேக்கை நாலைந்து முறை அழுத்திப் பார்த்துக்கொண்டு. ஐம்பது கிலோமீட்டர் ஆனதும் வீல் நட், ஐந்நூறு ஆனதும் ஸ்பிரிங் யூ-போல்ட், இரண்டையும் மறுபடி இறுக்குங்கள். நாங்கள் போன மாதம் மறுபடி போடிமெட்டு போனோம். இறங்கும்போது அக்கா மகன் ஓட்டினான், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், கீழே வந்து இறங்கியதும் நாலு சக்கரத்தையும் புறங்கையால் தொட்டுப் பார்த்தோம். நாலும் ஒரே சூடு.