செப்டம்பர் 5 மேடையில் ராதாகிருஷ்ணனைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆகஸ்ட் கடைசி வாரம் வந்துவிட்டால் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் ராதாகிருஷ்ணன் பெயர் அடிபடத் தொடங்கிவிடும். ஆசிரியர் தினப் பேச்சை ஐயா எழுதிக் கொடுப்பார், அப்பத்தா ஒப்பிக்கச் சொல்லிக் கேட்பார். கம்பன் விழா மேடையைக் கேட்டுப் பழகிய ஊர்கள், அதனால் பேச்சில் குறை இருக்காது. தகவலில்தான் சறுக்குவார்கள்.

நம்மூர் விஷயத்திலேயே ஒரு சறுக்கல் உண்டு. "ஜனாதிபதி ராதாகிருஷ்ணன் காரைக்குடிக்கு வந்து சிக்ரியைத் திறந்து வைத்தார்" என்று பெரியவர்களே சொல்வார்கள். சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தை அவர் திறந்து வைத்தது உண்மை. ஆனால் அது 1953 ஜனவரி 14. அப்போது அவர் குடியரசுத் துணைத்தலைவர். ஜனாதிபதியாக இருந்தவர் ராஜேந்திர பிரசாத். ராதாகிருஷ்ணன் அந்த நாற்காலிக்கு வர இன்னும் ஒன்பது ஆண்டுகள் இருந்தன. இன்னொரு குழப்பம், திறந்து வைத்தவர் நேரு என்பது. நேரு 1948 ஜூலை 25இல் அடிக்கல் நாட்டினார், அவ்வளவுதான். 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து அந்த நிறுவனத்தை இங்கே வரவழைத்தவர் அழகப்பச் செட்டியார். செட்டிநாட்டுப் பிள்ளை பேசும்போது இந்தத் தகவலை விடக்கூடாது. திருவள்ளூர்ப் பிள்ளைக்குத் திருத்தணி இருக்கிறது, நமக்கு இது இருக்கிறது.

திருத்தணி என்றதும் அடுத்த தவறு. "ஆந்திராவில் பிறந்தவர்" என்று சிலர் எழுதிக் கொடுக்கிறார்கள். அவர் பிறந்த 1888இல் ஆந்திரா என்று தனி மாநிலமே கிடையாது, எல்லாம் சென்னை மாகாணம். வீட்டில் பேசியது தெலுங்கு. சர்வபள்ளி என்பது நெல்லூர்ப் பக்கத்துப் பூர்வீக ஊரின் பெயர். மாநிலங்கள் பிரிந்தபோது ஆந்திராவோடு போன திருத்தணி, ம.பொ.சி. போன்றோர் நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1 முதல்தான் தமிழகத்தோடு சேர்ந்தது. "திருத்தணியில், தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்தவர்" என்று சொன்னால் எந்தப் பக்கமும் சண்டைக்கு வராது.

பதவிகளை ஏணிப்படி மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது எல்லா உரைகளிலும் உண்டு. ஆசிரியர், பேராசிரியர், துணைவேந்தர், தூதர், ஜனாதிபதி என்று. அவர் வாழ்க்கை அப்படி நேர்கோட்டில் போகவில்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் 1909இல் வேலைக்குச் சேர்ந்தார். 1918இல் மைசூர், 1921இல் கல்கத்தா, 1931 முதல் 1936 வரை ஆந்திரப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். இதுவரை சரி. 1936இல் ஆக்ஸ்ஃபோர்டில் கீழை நாட்டுச் சமயங்களுக்கான பேராசிரியர் ஆனார். அந்தப் பதவி 1952 வரை அவரிடமே இருந்தது. இடையில் 1939 முதல் 1948 வரை காசி இந்துப் பல்கலைக்கழகத் துணைவேந்தர்; 1949 முதல் 1952 வரை மாஸ்கோவில் இந்தியத் தூதர். ஆக, ஸ்டாலினைச் சந்தித்த தூதர் அதே சமயத்தில் ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியரும்கூட. "ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு அரசியலுக்கு வந்தார்" என்ற வரி இதனால்தான் பொருந்தாது. பல ஆண்டுகள் இரண்டும் சேர்ந்தே ஓடின.

"சுதந்திரப் போராட்ட வீரர்" என்று ஒரு அடைமொழியும் சேர்த்துவிடுகிறார்கள். பெரிய மனிதர் என்றால் சிறைக்குப் போயிருக்க வேண்டும் என்று நமக்கு ஒரு எண்ணம். அவர் சிறைக்குப் போனவர் அல்ல. 1931இல் பிரிட்டிஷ் அரசிடம் சர் பட்டம் வாங்கியவர். அதை மறைக்கவும் வேண்டாம், அதற்காக அவரைக் குறைக்கவும் வேண்டாம். 1942இல் மாணவர் கிளர்ச்சியைக் காரணம் காட்டி காசிப் பல்கலைக்கழக வளாகத்தைப் போர் மருத்துவமனையாக்க ஆளுநர் முனைந்தபோது, டெல்லிக்குப் போய் வைஸ்ராயிடம் பேசி அதைத் தடுத்தவரும் இவர்தான். 1947 ஆகஸ்ட் 14 நள்ளிரவில் அரசியல் நிர்ணய சபையில் பேசியவர்களில் இவரும் ஒருவர்.

என்னைக் கேட்டால், இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு பேச்சை நிறுத்தும் இடத்தில்தான் இருக்கிறது. 1962இல் மாணவர்களும் நண்பர்களும் பிறந்தநாளைக் கொண்டாட விரும்பினார்கள், அதை ஆசிரியர் தினமாகக் கொண்டாடுங்கள் என்றார். இதோடு கைதட்டு வாங்கிக்கொண்டு பிள்ளை மேடையை விட்டு இறங்கிவிடுகிறது. அவருடைய கடினமான ஐந்தாண்டு அப்போதுதான் தொடங்குகிறது என்பதை யாரும் சொல்வதில்லை.

அந்த ஆண்டு மே 13ஆம் தேதி ஜனாதிபதியாகப் பதவியேற்றார். அதே ஆண்டு அக்டோபரில் சீனப் போர். நெருக்கடி நிலையை அறிவித்தவர் இவர்தான். எளிதில் நம்பிவிட்டோம், அசட்டையாக இருந்துவிட்டோம் என்று அரசையே வெளிப்படையாகக் குறை சொன்னார். இத்தனைக்கும் அவரை டெல்லிக்குக் கொண்டுவந்தவரே நேருதான். 1964இல் நேரு மறைந்தார். 1965இல் பாகிஸ்தானுடன் போர். 1966 ஜனவரியில் தாஷ்கண்டில் சாஸ்திரி மறைந்தார். குல்சாரிலால் நந்தாவுக்கு இரண்டு முறை, அப்புறம் சாஸ்திரி, இந்திரா காந்தி என்று பிரதமர்களுக்குப் பதவிப் பிரமாணம் செய்து வைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. 1967 குடியரசு தின உரையில், நாட்டின் வளங்களை நிர்வகிப்பதில் திறமையின்மை பரவிக் கிடக்கிறது, அதை மன்னிக்க முடியாது என்று பொருள்படச் சொன்னார். தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்த நேரம் அது. காங்கிரஸுக்குள் வளர்ந்தவர் அல்ல, கட்சிப் பதவி எதுவும் வகித்தவரும் அல்ல. 1952இலும் 1957இலும் போட்டியின்றித் துணைத்தலைவர் ஆனவர். அப்படிப்பட்டவரை வெறும் அலங்காரத் தலைவர் என்று எழுதுவது இந்த உரைகளைப் படிக்காததால் வரும் தவறு.

மேற்கோள் விஷயத்தில் கறாராக இருங்கள். வாட்ஸப்பில் அவர் படத்தோடு வருவதெல்லாம் அவர் சொன்னதாகாது. எந்த நூல், எந்த உரை என்று தெரியாவிட்டால் விட்டுவிடலாம். சம்பளத்தில் இவ்வளவைத் திருப்பிக் கொடுத்தார், ஸ்டாலின் கன்னத்தைத் தட்டினார் போன்றவையும் அப்படித்தான். ஆளுக்கொரு விதமாகச் சொல்லப்படும் கதைகள். சொல்லியே தீருவேன் என்றால் "சொல்வார்கள்" என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

கல்லூரி மாணவர் கட்டுரை எழுதினால் ஒரு வழக்கைப் பற்றியும் படிக்க நேரும். தன் ஆய்விலிருந்து ராதாகிருஷ்ணன் எடுத்துக்கொண்டார் என்று ஆய்வாளர் ஜதுநாத் சின்ஹா 1929இல் கல்கத்தாவில் வழக்குப் போட்டார். ராதாகிருஷ்ணனும் பதிலுக்கு வழக்குத் தொடுத்தார். 1933இல் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமாக முடிந்தது. திருடினார் என்றோ, அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்றோ எழுதுவது இரண்டுமே தப்பு. தீர்ப்பு வராத வழக்கில் நாம் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

சில்லறைப் பிழைகள் சில. அவர் முதல் குடியரசுத் தலைவர் அல்ல, இரண்டாமவர், முதல் துணைத்தலைவர். பாரத ரத்னா கிடைத்தது 1954இல், ராஜாஜி, சி.வி. ராமன் இருவரோடும் சேர்ந்து. ஜனாதிபதியான பிறகு அல்ல. உலக ஆசிரியர் தினம் அக்டோபர் 5, அதற்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. பதவிக்காலம் முடிந்ததும் டெல்லியில் தங்கிவிடவில்லை, மயிலாப்பூர் எட்வர்ட் எலியட்ஸ் சாலை வீட்டுக்குத் திரும்பிவிட்டார். 1975 ஏப்ரல் 17இல் காலமானதும் சென்னையில்தான். அந்தச் சாலைக்கு இப்போது டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை என்று பெயர்.