நான்காவது டிரம்மருக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பது எப்படி

பங்க் என்பது வேகமான, முரட்டுத்தனமான ராக் இசை. அதை வாசிக்கும் எங்கள் குழுவை 2014-ல் தொடங்கினோம். இதுவரை டிரம்மில் நான்கு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். பேஸ் கிட்டாரை மூன்று பேர் வாசித்திருக்கிறார்கள். இரண்டு பேர் பாடியிருக்கிறார்கள். முதல் நாளிலிருந்து இருப்பது நான் ஒருவன்தான். வாரத்தில் ஆறு நாள் கோவை கணபதிப் பகுதியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சோமனூர் பக்கம் என் அப்பிச்சியின் (அம்மாவின் அப்பா) பழைய தறிக்குடோனில் கிட்டார் வாசிக்கிறேன்.

விலகியவர்களில் யாரும் சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. ஒருவருக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது, ஒருவருக்குக் கல்யாணம் ஆனது, இன்னொருவருக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இரவு ஷிப்ட் போட்டுவிட்டார்கள். எங்கள் ஊர்ப்பக்கம் குழு நடத்துகிறவர் இதையெல்லாம் எதிர்பார்த்துத்தான் நடத்த வேண்டும். ஆளைப் பிடித்து வைக்க வழி தேடாதீர்கள். அவர் போன மூன்றாவது வாரம் மற்றவர்கள் வாசிக்க முடிகிறதா என்று பாருங்கள். அதற்கான வேலையை அவர் இருக்கும்போதே செய்துவிட வேண்டும்.

நான் இதைக் கற்றுக்கொண்டது 2016-ல், ஒரு கல்லூரி விழாவில். விழாவுக்கு ஐந்து நாள் இருக்கும்போது முதல் டிரம்மர் பெங்களூருக்குக் கிளம்ப வேண்டியதாகிவிட்டது. தெரிந்த ஒருவரைக் கெஞ்சி உட்கார வைத்தோம். எங்கள் பாட்டுகளில் எல்லோரும் ஒரே அடியில் நிறுத்திவிட்டு மறுபடி பாய்கிற இடங்கள் நிறைய உண்டு. அந்த இடங்கள் எதுவும் எங்கள் மூவருக்கும் எண்ணிக்கையாகத் தெரியாது. பழைய டிரம்மர் தோளை உயர்த்துவார், நாங்கள் நிறுத்துவோம், அவ்வளவுதான். அன்று மேடையில் உயர்த்துவதற்கு அந்தத் தோள் இல்லை. நான் ஓரிடத்தில் நின்றேன், பாடகர் வேறோரிடத்தில் நின்றார். ஆறு பாட்டுகளில் இரண்டோடு இறங்கிவிட்டோம்.

மறுநாள் ஒரு நீளக் கணக்கு நோட்டு வாங்கினேன். நீங்களும் அங்கேதான் தொடங்க வேண்டும். ஒரு பாட்டுக்கு ஒரு பக்கம் வைத்துக்கொண்டு பென்சிலால் எழுதுங்கள். ஏனென்றால் பாட்டு மாறிக்கொண்டே இருக்கும். எங்கள் நோட்டின் மூன்றாம் பக்கம் இப்படி இருக்கிறது (வேகம் என்பது நிமிடத்துக்கு எத்தனை அடி, ஸ்னேர் என்பது டிரம் செட்டில் உள்ள சிறிய முரசு):

“வேகம் 176. கிட்டார் 4 சுற்று. மூன்றாம் சுற்றில் பேஸ் சேரும். சரணம் 8 சுற்று. ஏழாவது சுற்றின் கடைசி அடியில் எல்லோரும் நிறுத்தம். பாடகர் தனியாக ஒரு வரி. அவர் மூச்சு எடுத்ததும் ஸ்னேர் 2 அடி, எல்லோரும் உள்ளே. தவறிவிட்டால் பாடகரின் இடது கையைப் பார்.”

கடைசி வாக்கியத்தை ஒவ்வொரு பக்கத்திலும் எழுதுங்கள். புதிதாக வருகிறவர் கட்டாயம் எங்காவது தவறுவார். அப்போது யாரைப் பார்ப்பது என்று தெரிந்தால் பாட்டு நிற்காது.

நோட்டோடு ஒலிப்பதிவும் வேண்டும். செல்போனை டிரம்முக்கு அருகில் வைத்தால் சத்தம் உடைந்து வெறும் இரைச்சலாகிவிடும். வாசற்படிக்கு வெளியே, சுவரைப் பார்த்த மாதிரி வையுங்கள். முழுப் பாட்டையும் ஒருமுறை பதிந்த பிறகு, டிரம்மைத் தனியாகவும் பேஸைத் தனியாகவும் பதியுங்கள். இதற்கு இரண்டு ஞாயிறு போகும். யாரும் விலகாத காலத்தில் வீண் வேலை போலத்தான் தெரியும், ஆனாலும் செய்துவிடுங்கள்.

பாடகர் மாறும்போது வேறொரு சிக்கல் வரும். எங்கள் இரண்டாவது பாடகரின் குரல் முதலாமவரைவிடத் தாழ்ந்தது. பழைய சுருதியில் பாட வைத்தோம், மூன்றாவது பாட்டிலேயே தொண்டை கட்டிவிட்டது. பங்க் இசையில் இதற்கு எளிய தீர்வு இருக்கிறது. நாம் வாசிப்பது பெரும்பாலும் பவர் கார்ட், அதாவது ஆதார சுரமும் அதன் பஞ்சமமும் மட்டும். விரல் அமைப்பு கிட்டாரின் கழுத்து முழுவதும் ஒன்றுதான். கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் ஃபிரெட்டுகளில் கையை இரண்டு ஃபிரெட் கீழ்ச் சுருதிப் பக்கம் நகர்த்தினால் பாட்டு முழுவதும் ஒரு முழுச் சுரம் இறங்கிவிடும். புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை. ஆனால் திறந்த கம்பியை, அதாவது விரல் வைக்காமல் மீட்டும் கம்பியை, நம்பி எழுதிய பாட்டை இப்படி நகர்த்த முடியாது. எனவே பாட்டு எழுதும்போதே திறந்த கம்பிகளைத் தவிர்ப்பது நல்லது. எங்கள் முதல் நான்கு பாட்டுகளையும் இதற்காகவே திருத்தி எழுதினேன்.

அடுத்து, ஆளை எங்கே தேடுவது? உங்கள் பாட்டை ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருப்பவர்களிடம் முதலில் கேளுங்கள். அமெரிக்காவின் பிளாக் ஃபிளாக் என்ற பங்க் குழுவில் பாடகர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். 1981-ல் அவர்கள் சேர்த்துக்கொண்ட ஹென்றி ராலின்ஸ் அந்தக் குழுவின் ரசிகர். வாஷிங்டனில் ஐஸ்கிரீம் கடையில் வேலை பார்த்தவர். அதுவரை பாடிக்கொண்டிருந்த டெஸ் கடேனா வெளியேறவில்லை, இரண்டாவது கிட்டாருக்கு நகர்ந்தார். பழையவர் கூடவே நின்று புதியவருக்கு வழிவிட்டார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறையும்.

திறமையை மட்டும் பார்த்து யாரையும் சேர்க்காதீர்கள். ரமோன்ஸ் என்ற அமெரிக்க பங்க் குழுவில் 1987-ல், பிளாண்டி என்ற வேறொரு குழுவின் கிளெம் பர்க் டிரம் வாசித்தார். அவர் பெயர்பெற்ற டிரம்மர், இருந்தும் இரண்டே கச்சேரிகளோடு அது முடிந்துவிட்டது. ஒருவர் நன்றாக வாசிப்பது வேறு, உங்கள் குழுவோடு பொருந்துவது வேறு. ஆகவே ஒரு மாதம் சேர்ந்து வாசித்துப் பார்த்த பிறகே முடிவு சொல்லுங்கள். அந்த முடிவை வாயைத் திறந்து சொல்லவும் வேண்டும். சேர்த்துக்கொண்டார்களா இல்லையா என்று தெரியாமல் ஒரு பையனை வாரக்கணக்கில் வரவழைப்பது கொடுமை.

எங்கள் நான்காவது டிரம்மர், ஜமாப் என்னும் எங்கள் ஊர்ப்பக்க மேளக் குழுவில் அடிக்கும் தம்பி. அவிநாசிப் பக்கம் ஒரு கோயில் நோம்பியில் (திருவிழாவில்) அவர் அடிப்பதைக் கேட்டுவிட்டு நானே போய்ப் பேசினேன். “அண்ணா, உட்கார்ந்து அடித்துப் பழக்கமில்லைங்க” என்றார். உண்மைதான். கை இரண்டும் பிரமாதமாக ஓடின, கால்தான் ஓடவில்லை. குடோன் தரையில் தறி பதித்திருந்த போல்ட்டுகள் இன்னும் நீட்டிக்கொண்டிருக்கின்றன. பேஸ் டிரம் முன்னால் நழுவாமல் இருக்க அவற்றில் முட்டுக்கொடுத்திருக்கிறோம். முதல் இரண்டு ஞாயிறும் அந்த டிரம்மை வலது காலால் மட்டும் மிதிக்கச் சொன்னேன். குச்சியைத் தொடவே விடவில்லை. பக்கத்துக் குடோனில் ஓடும் தறியின் சத்தத்தோடு சேர்ந்து மிதித்தார். மூன்றாவது ஞாயிறு கையும் காலும் சேர்ந்தபோது குடோன் அதிர்ந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

முதல் மாதம் மூன்று பாட்டு போதும். எங்களிடம் இருக்கும் பன்னிரண்டு பாட்டையும் ஒன்றாகக் கொடுத்தால் எதுவும் நிற்காது. மூன்றும் படிந்தபின், அவற்றில் ஒன்றை அவர் இஷ்டப்படி மாற்றச் சொல்லுங்கள். எங்கள் தம்பி மூன்றாம் பக்கத்துப் பாட்டில் அந்த இரண்டு ஸ்னேர் அடிக்குப் பதிலாக ஒரு நீண்ட உருட்டலைப் போட்டார். பழையதைவிட நன்றாக இருந்தது. நோட்டில் அழித்து எழுதினோம். “முன்பு இருந்தவர் இப்படி அடிப்பார்” என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். நான் இரண்டாவது டிரம்மரிடம் அதைச் சொல்லிச் சொல்லியே அவர் வாசிப்பதைச் சுருங்க வைத்துவிட்டேன். இன்றும் அதற்காக வருந்துகிறேன்.

வருகிறவரின் காலக் கணக்கையும் மதிக்க வேண்டும். மாசி முதல் சித்திரை வரை கோயில் நோம்பிகள் இருப்பதால் தம்பி வரமாட்டார். அந்த மாதங்களில் கச்சேரி ஒப்புக்கொள்வதில்லை. கிட்டாரும் பேஸும் உட்கார்ந்து புதுப் பாட்டு எழுதுகிறோம்.

பணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எந்தப் பொருள் யாருடையது என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். கச்சேரிப் பணத்தில் ஒரு பங்கைப் பொதுவில் போட்டு, டிரம் செட்டைக் குழுவின் பெயரில் வாங்குங்கள். செட் ஒருவருடையதாக இருந்தால் அவரோடு அதுவும் போய்விடும். குழுவின் பெயரை யார் வைத்துக்கொள்வது என்பதையும் எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே முடிவு செய்துவிடுங்கள்.

விடைகொடுப்பதை நன்றாகச் செய்யுங்கள். ரமோன்ஸ் 1974 முதல் 1996 வரை 2,263 கச்சேரிகள் வாசித்தார்கள். அவ்வளவு காலமும் இருந்தவர்கள் கிட்டார் வாசித்த ஜானியும் பாடிய ஜோயியும் மட்டுமே. 1978-ல் டிரம்மை மார்க்கியிடம் விட்டுக்கொடுத்த டாமி, அடுத்த ஆல்பத்தின் தயாரிப்பில் கூடவே இருந்தார். எங்களால் முடிந்தது அதைவிடச் சிறியது. போகிறவரைக் கடைசி ஞாயிறு குடோனுக்கு அழைத்து, புதியவர் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு பாட்டை இருவரும் மாறி மாறி வாசிக்கச் செய்கிறோம். பிறகு நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கொடுத்து, மற்றவர்களுக்குத் தெரியாமல் தனக்கு மட்டும் தெரிந்ததை எழுதச் சொல்கிறோம்.

மூன்றாவது டிரம்மர் எழுதியது ஒரே வரி: “ஹை-ஹாட்டைப் பிடிக்கும் திருகில் மரை தேய்ந்துவிட்டது, மூன்று பாட்டுக்கு ஒருமுறை முடுக்கவும்.” ஹை-ஹாட் என்பது காலால் மூடித் திறக்கும் இரட்டைத் தாளத்தட்டு. ஒன்றரை வருடம் ஒவ்வொரு கச்சேரியிலும் அவர் தனியாக அதை முடுக்கியிருக்கிறார். மறுநாளே பட்டறையில் புதுத் திருகு கடைந்து மாட்டினேன்.