மூக்கும் வாலும் போன சூப்பர்பேர்டைப் பிடிப்பது

1970 பிளிமத் சூப்பர்பேர்ட் என்ற அமெரிக்கக் காரின் கூர்மூக்கும் உயரமான பின்னிறக்கையும் அன்று பலருக்குப் பிடிக்கவில்லை. விற்காத சில வண்டிகளில் டீலர்களே அவற்றைக் கழற்றி, பிளிமத்தின் சாதா மாடலான ரோட் ரன்னராக்கித் தள்ளிவிட்டார்கள். ஆகவே கொட்டகையில் கிடக்கும் ரோட் ரன்னரையும் சோதிக்காமல் விடாதீர்கள்.

டாஷ்போர்டில் உள்ள வண்டி அடையாள எண் ‘ஆர்எம்23’ என்று தொடங்கினால் உடனே துள்ள வேண்டாம். ரோட் ரன்னருக்கும் அதேதான். ஐந்தாவது எழுத்து எஞ்சின்: யூ, வி என்றால் 440 கன அங்குல எஞ்சின், ஆர் என்றால் ‘ஹெமி’ எனப்படும் 426 கன அங்குல எஞ்சின்.

பானட்டுக்குள் ஃபெண்டர் தகட்டில் சூப்பர்பேர்டின் குறியீடான ஏ13 இருக்கிறதா பாருங்கள். தகட்டைப் போலியாக அடிக்கலாம், உடம்பை மாற்றுவது கஷ்டம். சூப்பர்பேர்டானால் பின்கண்ணாடியைச் சுற்றி, வினைல் கூரைக்கடியில், பற்றவைத்த ஒட்டுத்தகடு தெரியும். டிக்கிக்குள் டார்ச் அடித்து, இறக்கை நின்ற இடத்தில் அடைத்த துளைகளைத் தேடுங்கள்.

பின்சீட் ஸ்பிரிங்கில், அந்த வண்டி எப்படிக் கட்டப்பட்டது என்று சொல்லும் தொழிற்சாலைத் தாள் செருகியிருக்கலாம். இழுக்காதீர்கள், பொடிந்துவிடும், ஸ்பிரிங்கை வெட்டி எடுங்கள்.