இரையுமன்துறையிலிருந்து பூவாறு வரை: கிராவல் சைக்கிளுக்கு (மண், சரளைப் பாதையிலும் ஓடும் சைக்கிள்) ஒரு வழி

குமரி மாவட்டத்தில் குழித்துறை ஆறு கடலில் சேரும் இரையுமன்துறையில் விடியும்போதே கிளம்புங்கள்; கேரளத்துப் பூவாறு வரை கரையோரமாகவே மேற்கே போகிறோம். வெயில் ஏறினால் கடற்காற்று மேற்கிலிருந்து வீசும், போகும்போது முகத்தில் அடிக்கும். காலையிலேயே போய்விட்டால் திரும்பும்போது அதே காற்று முதுகைத் தள்ளும்.

தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று ஊர்கள் நெருக்கமாக வரும். கரையோரச் சாலையைப் பல இடங்களில் கடல் அரித்திருக்கிறது, அங்கெல்லாம் உள்தெருவுக்குத் திரும்பிவிடுங்கள். உலர்த்தியிருக்கும் வலைமேல் டயர் ஏறவே கூடாது. அது ஒரு குடும்பத்தின் பிழைப்பு. இறங்கி, தள்ளிக்கொண்டு போங்கள்.

எனக்குப் பிடித்தது ஏ.வி.எம். (அனந்த விக்டோரியா மார்த்தாண்டன்) கால்வாய்க் கரைதான். திருவிதாங்கூர் காலத்தில் படகு ஓடிய நீர்வழி; இன்று பல இடங்களில் தூர்ந்து கிடப்பதைப் பார்த்தால் மனசு கனக்கிறது. கரைப் பாதை திடீரென்று முடியும். எதிரே வருகிறவரிடம் "அண்ணே, இதுல போனா ரோடு வருமா?" என்று கேளுங்கள், மேப்பை நம்பாதீர்கள்.

40 மி.மீ. அகல டயர் போதும். மணல் வந்தால் காற்றைக் கொஞ்சம் இறக்கி, லேசான கியரில் நிற்காமல் மிதியுங்கள், முன்பிரேக்கைத் தொடாதீர்கள்.

பொழியூர் தாண்டினால் பூவாறு. நெய்யாறு கடலில் சேரும் பொழிமுகம் சில நாள் திறந்திருக்கும், சில நாள் மணல் மூடியிருக்கும். மூடியிருந்தாலும் அதன்மேல் சைக்கிளோடு இறங்க வேண்டாம். ஜூன், ஜூலையில் இந்தப் பக்கமே வராதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் செயினை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் விடுங்கள். அன்றைக்கே.